எஞ்சின் சூடாகுது, அவசரம்! யாராவது சொல்லுங்க

நெடும்பயணி:
வணக்கம். வண்டி திடீர்னு சூடாகுது, முள் சிவப்புக் கோட்டுக்கிட்ட போயிடுது. கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற திரவத்தை, புதுசா ஊத்தினேன். அது ஓடுற வழியைச் சூட்டுக்கு ஏத்த மாதிரி திறந்து மூடுற தெர்மோஸ்டாட்டையும் நானே மாத்தினேன். அப்படியும் அதேதான். சனிக்கிழமை குடும்பத்தோட கிளம்பணும். என்னவா இருக்கும்?

ஸ்பேனர்:
என்ன வண்டி, என்ன எஞ்சின்? ஓடும்போது சூடாகுதா, நிக்கும்போதா? ஏசி போட்டா மட்டுமா? கூலன்ட் குறையுதா?

கரும்புகை:
ஹெட் கேஸ்கட், அதான் எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல், போயிருக்கும். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. வண்டியை எடுக்காதீங்க.

ஆயில்கறை:
வாட்டர் பம்ப்பைப் பாருங்க. அடியில சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். அங்க கூலன்ட் கசிஞ்ச தடம் தெரிஞ்சா பம்ப் போச்சு.

பழையகை:
தம்பி, முதல்ல கேள்வியை ஒழுங்கா கேளுங்க. டாக்டர்கிட்ட போய் ‘உடம்பு சரியில்லை’ன்னு மட்டும் சொன்னா என்ன மருந்து எழுதுவார்? பழைய தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாத்தீங்களா? வால்வு திறந்தா அது நல்லாத்தான் இருக்கு. அதைக்கூடப் பாக்காம பார்ட்ஸ் மாத்துறதுக்குப் பேர் ரிப்பேரா?

நெடும்பயணி:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். 2004 மாடல், மூணு வரிசை சீட் உள்ள பெரிய எஸ்யூவி. 5.3 லிட்டர் வி8 பெட்ரோல். 2,90,000 கி.மீ. ஓடியிருக்கு. ஹைவேல 100ல போனா முள் நடுவுல அசையாம நிக்குது. ஏசியோட சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நின்னா ஏறுது. ஏசியை நிறுத்தினா மெதுவா இறங்குது. கூலன்ட் குறையல.

ஸ்பேனர்:
இப்ப விளங்குது. வேகமா போகும்போது எதிர்காத்தே ரேடியேட்டரைக் குளிர வச்சிடும். நிக்கும்போது ஃபேன்தான் காத்தை இழுக்கணும். ஏசி போட்டா, முன்னாடி இருக்கிற, ஏசி சூட்டை வெளிய விடுற கண்டன்சரோட சூடும் சேர்ந்து ரேடியேட்டர் மேல வரும்.

ஃபேன் பெல்ட்ல ஓடுறதுன்னா என் சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேலதான். அதுக்குள்ள சிலிக்கான் எண்ணெய் இருக்கும். முகப்புல இருக்கிற சுருள் தகடு சூடு பட்டதும் வால்வைத் திறந்துவிடும், எண்ணெய் பாய்ஞ்சு ஃபேனைப் பிடிச்சு வேகமா சுத்த வைக்கும். எண்ணெய் கசிஞ்சு போச்சுன்னா பிடிப்பும் போச்சு. எஞ்சின் ஆறினதும் சாவியைக் கையில எடுத்துக்கிட்டு ஃபேனைச் சுண்டிவிடுங்க. கொஞ்சம் இறுக்கமா இருந்து சட்டுனு நிக்கணும். காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே இருந்தா கிளட்ச் அவுட்.

கரும்புகை:
நான் இன்னும் ஹெட் கேஸ்கட்னுதான் சொல்றேன். கூலன்ட் ஊத்துற வாயில கேஸ் டெஸ்ட் பண்ணுங்க, எஞ்சின் புகை கூலன்ட்ல கலக்குதான்னு தெரியும். நீல திரவம் மஞ்சளாச்சுன்னா முடிஞ்சது.

ஸ்பேனர்:
டெஸ்ட் பண்ணட்டும், தப்பில்ல. ஆனா கேஸ்கட் போயிருந்தா ஹைவேல லோடு ஏறும்போது முள் இப்படி அசையாம நிக்குமா?

வி8வெறி:
கிளட்ச்சைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுங்க நண்பா. 2005ல இருந்து இந்த ரக வண்டிகளுக்கே கம்பெனியில எலெக்ட்ரிக் ஃபேன்தான் வருது. எஞ்சினுக்குப் பாரம் குறையும்.

பழையகை:
ரெண்டு ஃபேனும் கிளம்பும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கும்னு தெரியுமா? அவர் ஆல்டர்னேட்டர் 105 ஆம்பியரா, 145ஆ? ரிலே, ஃப்யூஸ், தடிமன் ஒயர் எல்லாம் சனிக்கிழமைக்குள்ள யார் இழுப்பாங்க?

வி8வெறி:
சார், நானே போட்டு நாலு வருஷமா ஓட்டுறேன். ட்ரெய்லரும் இழுக்கிறேன். ஒயர் சூடானதே இல்ல.

பழையகை:
உங்க வண்டியில ஓடுது. ஊருக்குக் கிளம்புற ரெண்டு நாளைக்கு முன்னாடி புது ஒயரிங் போடச் சொல்றது பொறுப்பான யோசனை இல்ல.

ஆயில்கறை:
நீங்க ரெண்டு பேரும் தனியா ஒரு இழை ஆரம்பிச்சுக்கோங்களேன். நெடும்பயணி, ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. சூடா இருக்கும்போது கூலன்ட் மூடியைத் தொடாதீங்க. உள்ள 15 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும், திறந்ததும் கொதிக்கிற கூலன்ட் முகத்துல பாயும். என் முழங்கையில தழும்பு இன்னும் இருக்கு.

நெடும்பயணி:
ஃபேன் கிளட்ச்தான். சுண்டினா ஏழு சுத்து சுத்துச்சு. முகப்புல எண்ணெய் வழிஞ்சு, தூசி அப்பி, கரிக்குழம்பு மாதிரி இருந்தது. மாத்தியாச்சு. ஏசியோட இருபது நிமிஷம் நிறுத்திப் பாத்தேன், முள் அசையல. ஸ்பேனர் அண்ணே, ரொம்ப நன்றி. கிளம்புறோம்.

கரும்புகை:
நல்லதாப் போச்சு. ஃபேன் கிளட்ச்சைப் பிடிச்சிருக்கிற அந்தப் பெரிய நட்டை எப்படிக் கழட்டினீங்க? என்னோடது அசையவே மாட்டேங்குது.

ஸ்பேனர்:
அவர் வண்டியில இருப்பார், நான் சொல்றேன். உங்களதும் இதே எஞ்சின்னா 36 மி.மீ. நட், சாதாரண மரைதான், இடப்பக்கம் சுத்தினா கழலும். ஃபேனைச் சுத்தி இருக்கிற மூடியோட மேல் பாதியை (மேல் ஷ்ரவுடை) கழட்டுங்க. பம்ப் புல்லி சுத்தாம இன்னொரு கருவியால பிடிச்சுக்கிட்டு, ஸ்பேனர் பிடியில சுத்தியலால ஒரே அடி அடிங்க. மெதுவா இழுத்தா வராது. ரேடியேட்டர் பக்கம் ஒரு அட்டையைச் செருகிக்கோங்க, கை வழுக்கினா ரேடியேட்டரோட மெல்லிய தகடுங்க (ஃபின்) நசுங்கிடும்.