"அம்மா, எட்டு எண்டு சும்மாவா போடுவினம்?"

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா:

என் மகன் நான்காம் தரம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் பின்னேரங்களில் அவனோடு இருந்து கணக்குச் செய்கிறேன். போன கிழமை ஒரு பயிற்சித் தாளில் இப்படி ஒரு வசனக் கணக்கு வந்தது: "கோட்டையிலிருந்து காலை 7.40க்குப் புறப்படும் புகையிரதத்தில் 8 பெட்டிகள் உள்ளன. ஒரு டிக்கெட் 40 ரூபாய். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்க 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?"

அவன் 40ஐ நான்கால் பெருக்கி 160 என்றான். 500இல் அதைக் கழித்து 340 எடுத்தான். அதற்குப் பிறகு அந்த 340இலிருந்து 8ஐயும் கழித்து, 332 ரூபாய் என்று அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டான். பெட்டிகளை ஏன் காசிலிருந்து கழித்தாய் என்று கேட்டேன். "அம்மா, எட்டு எண்டு சும்மாவா போடுவினம்?" என்றான்.

அந்தக் கேள்வி இரவு முழுக்க என்னோடு இருந்தது. பிள்ளைக்குப் பெருக்கலும் தெரியும், கழித்தலும் தெரியும். கணக்கு எழுதியவர் ஓர் எண்ணைத் தந்தால் அதற்கு வேலை இருக்கும் என்று நம்புகிறான். அவனுடைய கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கணக்கிலும் இரண்டு எண்கள், இரண்டுக்கும் வேலை. அந்த நம்பிக்கையை நாங்கள்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். தேவையில்லாத 8ஐப் பிடித்துக்கொண்டவன், தேவையான "அரை" என்ற சொல்லைக் காணவே இல்லை. அது எழுத்தில் இருந்தது, இலக்கத்தில் இல்லை. அவன் கண் இலக்கங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறது. (சரியான விடை 380.)

மறுநாள் காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது கேட்டேன், "புறக்கோட்டைக்குப் போக 100ஆம் நம்பர் பஸ் வேணுமா, 101 வேணுமா?" அவன் யோசித்து, "ரெண்டும் போகும்தானே" என்றான். "அப்ப இண்டைக்கு அந்த நம்பரைப் பார்க்க வேணுமா?" "தேவையில்லை." "சரி, பாணந்துறைக்குப் போறதெண்டால்?" அங்கே நின்றுவிட்டான். 101 மொரட்டுவையோடு சரி, 100தான் பாணந்துறை வரைக்கும் போகும். "அப்ப நம்பர் வேணும்" என்றான். அதே வீதி, அதே பஸ், அதே எண். எங்கே போகிறோம் என்பதுதான் மாறியது. புகையிரதக் கணக்கிலும் கேட்டது காசை. பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்த 8க்கு வேலை வந்திருக்கும். இதை அவன் தானாகச் சொன்னபோது என் மனம் கொஞ்சம் ஆறியது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எனக்கு உண்மையாகவே உதவும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வு பெற்ற கணித ஆசிரியை:

தங்கச்சி, உங்கள் மகனை நினைத்துக் கவலைப்படாதீர்கள். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 1979-80 அளவில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?" 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கேள்வியில் விடைக்கான தரவே இல்லை. ஆனாலும் எண் இருக்கிறது, ஆசிரியர் கேட்கிறார், ஆகவே விடை இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

நான் வகுப்பில் கடைசி வருடங்களில் செய்தது ஒன்றுதான். எண்களை எடுத்துவிட்டுக் கணக்கைச் சொல்வேன். "ஒரு தாத்தா கடைக்குப் போகிறார். சீனி ஒரு கிலோ என்ன விலை என்று தெரியும். எத்தனை கிலோ வாங்கினார் என்று தெரியும். கடை எத்தனை மணிக்குத் திறந்தது என்று தெரியும். எவ்வளவு காசு கொடுத்தார் என்றும் தெரியும். மிச்சக் காசு எவ்வளவு என்று அறிய எதை எதைக் கேட்பாய்?" எண் இல்லாதபோது பெருக்கவோ கூட்டவோ கை அவசரப்படாது. அப்போதுதான் பிள்ளை கதையைக் கேட்கும். "மணி என்னத்துக்கு ரீச்சர்?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அதன் பிறகுதான் எண்களைக் கொடுப்பேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எண்களுக்கெல்லாம் முதலில் கீழ்க்கோடு போடு என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோடு போட்டதும் எல்லா எண்ணும் முக்கியமாகிவிடும். முதலில் கடைசி வசனத்தை வாசித்து, கேட்டது என்ன என்பதைத் தன் சொல்லில் ஒரு வரி எழுதட்டும். பிறகு மேலே போகட்டும். சோடி, டசன், கிழமை, அரை, இரு மடங்கு போன்ற சொற்களை அப்போது தேடச் சொல்லுங்கள்.

செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை செய்பவர்:

நான் படிப்பித்தவன் இல்லை. ஆனால் தினமும் இதே கணக்கைத்தான் பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாவும் மகளும் கல்யாணச் சங்கிலிக்கு வந்தார்கள். இரண்டு பவுண், அதாவது 16 கிராம், 22 காரட். பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். அங்கே செய்கூலி 30,000, சேதாரம் இல்லை. எங்களிடம் செய்கூலி 12,000, சேதாரம் அரைக் கிராம். மகள் தொலைபேசியில் பவுண் விலையைப் போட்டு, 16 கிராமுக்குப் பெருக்கி, இரண்டு தரம் பிழைத்து, திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தா.

நான் சொன்னேன், "தங்கச்சி, 16 கிராமை விடுங்கோ. அது ரெண்டு கடையிலும் ஒண்டுதான், இண்டைய விலையும் ஒண்டுதான். கூலியில் 18,000 வித்தியாசம். அரைக் கிராம் தங்கம் 18,000க்குக் கூடவா குறைவா எண்டு மட்டும் பாருங்கோ." ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவர்கள் எங்கே வாங்கினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இருப்பதை எடுத்து வைத்துவிடலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கல்லாவில் நின்று படித்தேன்.

ஆனால் அதே அம்மா "மொத்தமாக எவ்வளவு கொண்டு வர வேணும்?" என்று கேட்டால் 16 கிராமும் வேணும், பவுண் விலையும் வேணும்.

தெஹிவளையிலிருந்து இன்னோர் அம்மா:

கேள்வி மாறினால் எண்ணின் வேலையும் மாறும் என்பதை நான் படித்த விதம் கொஞ்சம் பயங்கரமானது. மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது வைத்தியர் பாணி மருந்து எழுதினார். ஒரு முறைக்கு 5 மில்லிலீற்றர், நாளுக்கு மூன்று முறை, ஐந்து நாட்கள். போத்தலில் 60 மில்லிலீற்றர். 5 மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் என்றும் அதில் எழுதியிருந்தது. ஐந்து நாளுக்கு மருந்து காணுமா என்று கணக்குப் பார்த்தேன். நாளுக்கு 15, ஐந்து நாளுக்கு 75. 60 காணாது. மில்லிகிராமைப் பார்க்கவே இல்லை, அந்தக் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

நான்காம் நாள் இரவு போத்தல் முடிந்தது. வேறொரு மருந்துக் கடைக்கு ஓடினேன். அதே பெயர், அதே அளவுப் போத்தல். வாங்கிக்கொண்டு திரும்பும்போது கடையிலிருந்தவர் கூப்பிட்டு, "பழைய போத்தல் இருக்கா? அதில் எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்டார். கைப்பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். புதியதில் 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம். அதே 5ஐ ஊற்றியிருந்தால் பிள்ளைக்கு இரட்டிப்பு மருந்து போயிருக்கும். பழைய அளவு கிடைக்க இதில் 2.5 போதும் என்று சொல்லி, போத்தலின் மேல் பேனையால் எழுதித் தந்தார். நான்கு நாட்களாகத் தேவையில்லாமல் இருந்த எண் அது. அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அதனால் பிள்ளைகளிடம் "இது வேண்டாத எண், வெட்டிவிடு" என்று நான் சொல்வதில்லை. "இந்தக் கேள்விக்கு வேண்டாம்" என்றுதான் சொல்கிறேன்.

வெள்ளவத்தை அம்மா மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி எண்ணில்லாத கணக்குகளை மூன்று நாள் செய்தோம். நேற்று அவனையே ஒரு கணக்கு எழுதச் சொன்னேன். கொப்பியில் இப்படி எழுதியிருந்தான்: "அம்மம்மாவுக்கு 71 வயது. அவர் சந்தையில் 3 தேங்காய் வாங்கினார். ஒரு தேங்காய் 180 ரூபாய். வீட்டுக்கு நடந்து வர 15 நிமிடம். கடைக்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?"

அதைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் 71ஐ எழுதப் போனதும் என் காதுக்குள் வந்து சொன்னான், "அம்மா, அது நான் சும்மா போட்டது."