அம்மாவின் சிறுநீர்க் கசிவுக்கு மின்தூண்டல் சிகிச்சை: இடம் தேடுகிறேன்

பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது, இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறார். போன வருடக் கடைசியிலிருந்து சிறுநீர் முட்டினால் அடக்க முடியவில்லை, கக்கூசுக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுகிறது. இருமினாலோ பாரம் தூக்கினாலோ வருவதில்லை. இரவிலும் பல தடவை எழும்புகிறார். மலையில் மறைவிடத்துக்கு எங்கே போவது?

சிறுநீரில் கிருமி இல்லை, சீனி வருத்தமும் இல்லை. தேத்தண்ணீரைக் குறைத்து, இடுப்புத்தளப் பயிற்சியும் செய்து பார்த்தாச்சு. சிறுநீர் அவசரத்தைக் குறைக்கும் ஒக்சிபியூட்டினின் குளிசையில் வாய் வறண்டு மலச்சிக்கலும் வந்ததால் டொக்டரே நிறுத்திவிட்டார். அப்புறம் அவர் சொன்னதுதான் உள்கணுக்காலுக்கு மேலே, சிறுநீர்ப்பை நரம்புகளோடு தொடர்புள்ள டிபியல் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் முறை: வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம். இதற்குத் தடையாகக்கூடிய பேஸ்மேக்கர் (இதயத் துடிப்புக் கருவி) எதுவும் அம்மாவுக்கு இல்லை. வாராவாரம் கண்டிக்குப் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இதைச் செய்யும் பிசியோதெரபி கிளினிக் எது?