எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "சார்கோமா இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது"ன்னு வந்திருக்கு. அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

மழைத்துளி
அக்காவுக்குக் கர்ப்பப்பையில கட்டி. அல்ட்ராசவுண்ட்ல ஃபைப்ராய்டு, கேன்சர் இல்லாத தசைக்கட்டின்னாங்க. லேப்ராஸ்கோப்ல எடுத்துடலாம்னு தேதியும் குறிச்சாச்சு. அதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு எம்ஆர்ஐ பாத்துடலாம்னு எடுத்தாங்க. ரிப்போர்ட்டோட கடைசி வரி: "வழக்கத்துக்கு மாறான ஃபைப்ராய்டு, சார்கோமா இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது." இப்ப டாக்டர் லேப்ராஸ்கோப் வேண்டாம், வயித்தைத் திறந்துதான் பண்ணணும்ங்கறார். சார்கோமான்னா கேன்சராமே, அப்ப கேன்சர்னு முடிவே பண்ணிட்டாங்களா? எம்ஆர்ஐ தப்பாக் காட்டுமா? வேற இடத்துல திரும்ப எடுக்கலாமா?

நெல்லிக்கனி
பதறாதம்மா. "உறுதியாச் சொல்ல முடியாது"ன்னா இருக்குன்னு அர்த்தம் இல்ல. அக்காவுக்கு வயசென்ன? மாதவிலக்கு நின்னாச்சா? கட்டி எவ்வளவு பெருசு, முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்கா? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

லேப்_லோகு
ரத்தத்துல எல்டிஹெச் (செல் சிதைஞ்சா ஏறற நொதி) பாத்தீங்களா? யாருமே இதைச் சொல்ல மாட்டேங்கறாங்க. சார்கோமான்னா ஏறும். சாதாரண டெஸ்ட்தான், உடனே எடுங்க.

காந்தப்புலம்
இங்கே வருகிற எல்லோரும் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் ஒட்டிவிட்டு அருள்வாக்கு எதிர்பார்க்கிறார்கள். கடைசி வரி தீர்ப்பு. சாட்சியம் எல்லாம் மேலே இருக்கிறது. டி1, டி2, டிடபிள்யூஐ, ஏடிசி (நான்கும் எம்ஆர்ஐயின் பட வகைகள்; பின்னிரண்டும் திசுவில் நீர் எவ்வளவு நகர்கிறது என்று காட்டுபவை), கான்ட்ராஸ்ட் (படம் தெளிய ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து) என ஒவ்வொன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அப்படியே தட்டச்சு செய்யுங்கள். பெயரையும் நோயாளி எண்ணையும் மறைத்துவிடுங்கள், அதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

லோகு, ஃபைப்ராய்டு உள்ளுக்குள் சிதைந்தாலும் எல்டிஹெச் ஏறும். ரத்த மாதிரியை எடுத்த விதம் சரியில்லாமல் சிவப்பணுக்கள் உடைந்தாலும் ஏறும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

டெஸ்லாமூன்று
மிஷின் எத்தனை டெஸ்லா, அதாவது காந்தம் எவ்வளவு பவர்? 1.5ன்னா அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்க. 3 டெஸ்லால எடுத்தாத்தான் தெளிவாத் தெரியும்.

வாசல்படி
டி அண்ட் சி பண்ணி டெஸ்டுக்கு அனுப்பினா தெரிஞ்சிடப் போகுது. ஸ்கேனைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க?

நெல்லிக்கனி
வாசல்படி, டி அண்ட் சில சுரண்டறது உள்சவ்வை. இந்த வகைக் கட்டி வளர்றது தசைச் சுவருக்குள்ள. சவ்வு வரைக்கும் வந்திருந்தா மாட்டும், இல்லன்னா "நார்மல்"னு வந்து ஏமாத்திடும். ஊசி விட்டு எடுத்தாலும் எட்டின இடம் நல்ல இடமாவே இருந்துடலாம், செல் சிதறுமோங்கற பயம் வேற. அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி எம்ஆர்ஐயை இவ்வளவு நம்பறாங்க.

மழைத்துளி
வயசு 53. நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. கட்டி இப்ப 9 செமீ, போன வருஷம் 6ன்னாங்க. ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடல. ரிப்போர்ட்ல உள்ளது: "டி2வில் இடைநிலை முதல் அதிக சிக்னல், நடுவே சில கறுப்புப் பகுதிகள். ஓரம் சில இடங்களில் முண்டுமுண்டாக உள்ளது. டி1ல் உட்பகுதியில் வெள்ளைத் திட்டுகள். டிடபிள்யூஐயில் பிரகாசம். நிணநீர்க் கணுக்கள் பெரிதாகவில்லை." அவ்வளவுதான். 1.5 டெஸ்லான்னு போட்டிருக்கு.

டெஸ்லாமூன்று
நான்தான் சொன்னேனே.

காந்தப்புலம்
என்ன சொன்னீர்கள்? இடுப்புப் பகுதிக்கு 1.5 தாராளமாகப் போதும். 3 டெஸ்லாவில் சிக்னல் கூடும், கூடவே குடல் காற்றும் உலோகமும் படத்தில் செய்கிற குளறுபடியும் கூடும். குடல் அசைவை நிறுத்த ஊசி போட்டார்களா, டிடபிள்யூஐயை எந்த பி மதிப்பில் (நீரின் நகர்வை எவ்வளவு நுட்பமாகப் பிடிக்கும் என்ற அளவு) எடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் உருப்படியான கேள்வி.

டெஸ்லாமூன்று
ஐயா நீங்க எந்தக் காலத்து மிஷின்ல வேலை பாக்கறீங்க? இப்ப வர்ற, சிக்னலைப் பிடிக்கற காயில் எல்லாம் வேற. புரோஸ்டேட்டுக்கு எல்லாரும் 3க்குத்தானே போறாங்க?

காந்தப்புலம்
இந்த அம்மாவின் அக்காவுக்குப் புரோஸ்டேட் கிடையாது.

தூரிகை
ரெண்டு பேரும் தனி இழை தொறந்து அடிச்சுக்கங்க.

மழைத்துளி, சாதாரண ஃபைப்ராய்டு டி2ல கரியாட்டம் கறுப்பா, ஓரம் வரைஞ்ச மாதிரி இருக்கும். உங்க அக்காவோடது அப்படி இல்ல, அதான் "வழக்கத்துக்கு மாறான". டி1ல வெள்ளைன்னா உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம். சிதையற ஃபைப்ராய்டுலயும் அது வரும், அதனால தனியா எடுத்தா பெரிய விஷயமில்ல. ஆனா முண்டுமுண்டான ஓரம், ரத்தக்கசிவு, கட்டி முழுக்க இல்லாம அங்கங்க டி2 கறுப்புப் பகுதி, நடுவுல கான்ட்ராஸ்ட் ஏறாத இடம், இதுல மூணு சேர்ந்தாலே சந்தேகம் வலுக்கும். உங்களுக்கு முதல் மூணும் இருக்கு. மாதவிலக்கு நின்ன பிறகு, ஹார்மோன் எதுவும் இல்லாம, 6லேருந்து 9ன்னா அதையும் சேர்த்துத்தான் பாக்கணும். வயசுல இருக்கற பொண்ணுக்கு ஃபைப்ராய்டு வேகமா வளர்றதை மட்டும் வச்சுப் பயப்பட வேண்டியதில்ல, நின்ன பிறகு சுருங்கவேண்டியது பெருசானா கதை வேற.

ரெண்டு விஷயம் குறையுது. டிடபிள்யூஐல பிரகாசம்னு எழுதி ஏடிசி என்னன்னு எழுதல. நீர் கோத்த கட்டியும் டிடபிள்யூஐல பளிச்சுன்னு தெரியும், அது வெறும் டி2வோட மினுக்கல், டி2ல வெள்ளையா இருக்கறது இதுலயும் எட்டிப் பாக்கறது. அதே இடம் ஏடிசி படத்துல கறுத்தாத்தான் செல் நெருக்கம்னு அர்த்தம். செல் அடர்ந்த ஃபைப்ராய்டும் கறுக்கும், அதனால அங்கயும் நூறு சதவீதம் கிடையாது. அடுத்தது, கான்ட்ராஸ்ட் போட்டாங்களா?

மழைத்துளி
போடல. ஃபார்ம்ல அலர்ஜி உண்டான்னு கேட்டிருந்தது, அயோடின்னு எழுதினோம். புண்ணுக்குப் போடற அயோடின் மருந்து பட்டா அக்காவுக்குத் தடிச்சுப் போகும்.

தூரிகை
அங்கதான் சிக்கல். எம்ஆர்ஐல போடறது கேடோலினியம், அதுல அயோடினே இல்ல. தோல்ல தடிக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இதுக்கு முக்கியமாப் பாக்கறது சிறுநீரகம் (அது வடிகட்டற அளவான இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழன்னா யோசிப்பாங்க), ஆஸ்துமா, முன்னாடி கேடோலினியத்துக்கே ஒவ்வாமை வந்திருக்கா, இதெல்லாம்தான். அலர்ஜியை மறைக்காதீங்க, எதுக்கு, என்ன ஆச்சுன்னு விவரமா எழுதிக் குடுங்க. ரேடியாலஜிஸ்ட் முடிவு பண்ணட்டும்.

பட்டாம்பூச்சி12
பெட் ஸ்கேன் எடுத்தா ஒரேயடியாத் தெரிஞ்சிடாதா?

காந்தப்புலம்
தெரியாது. நல்ல ஃபைப்ராய்டும் பெட்டில் ஒளிரும். சார்கோமா என்று சந்தேகம் வலுத்தால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள், ஏனெனில் அது நுரையீரலுக்குப் போகிற வகை. கர்ப்பப்பைக்கு எம்ஆர்ஐதான். தூரிகை சொன்னது சரி, எழுத்துப்பிழை நீங்கலாக.

வாசல்படி
எல்லாம் சரி, வயித்தைத் திறக்கணும்னு ஏன் திடீர்னு மாத்தினாங்க? லேப்ராஸ்கோப்னா சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாமே. பில் ஏத்தற வேலைதான்.

நெல்லிக்கனி
டாக்டர் செஞ்சதுல இதுதான் ரொம்பச் சரியான காரியம். 9 செமீ கட்டியைச் சின்ன ஓட்டை வழியா வெளிய எடுக்கணும்னா உள்ளயே துண்டு துண்டா அரைக்கணும். அதுல சார்கோமா இருந்து சிதறினா வயிறு பூரா பரவும், பொழைக்கற வாய்ப்பே குறையும். 2014ல அமெரிக்காவோட உணவு மருந்து நிர்வாகம் இதுக்குத்தான் எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டுன்னு ஆபரேஷன் பண்றவங்கள்ல 350 பேருக்கு ஒருத்தருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம்னு கணக்குச் சொன்னாங்க. மாதவிலக்கு நிக்கப்போற, நின்னுபோன பெண்களுக்கு அந்த அரைக்கற கருவியே கூடாதுன்னும் சொன்னாங்க.

டெஸ்லாமூன்று
அந்த 350 கணக்கு ஊதிப் பெருக்கினதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. 30 வயசுப் பொண்ணையும் 60 வயசுக்காரங்களையும் ஒரே கூடையில போட்ட கணக்கு அது.

நெல்லிக்கனி
வயசு ஏற ஏற ஆபத்து ஏறும்ங்கறது வாஸ்தவம். இவங்க அக்காவுக்கு 53. அப்ப உங்க வாதம் யார் பக்கம் நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

தூரிகை
மழைத்துளி, உடனே புது ஸ்கேனுக்கு ஓடாதீங்க. முதல்ல பழைய படங்களை டைகாம் வடிவத்துல (கம்ப்யூட்டர்ல திறந்து பாக்கற மூலப் படம்) சிடி தட்டுல வாங்குங்க. பேப்பர் ரிப்போர்ட்டும் ஃபிலிமும் பத்தாது. பெண்கள் புற்றுநோய் அறுவை பண்ற டாக்டர்கிட்ட போங்க, அங்க உள்ள ரேடியாலஜிஸ்ட் பாத்தா ஏடிசி படத்தைத் தானே தேடுவார். டிடபிள்யூஐ எடுத்திருந்தா அநேகமா அந்தத் தட்டுலயே இருக்கும். கான்ட்ராஸ்ட் மட்டும் தேவைன்னா அவங்களே சொல்வாங்க. கட்டியை உடைக்காம முழுசா எடுப்பீங்களான்னு மட்டும் நேராக் கேட்டுடுங்க. என்ன வகைங்கறது எப்படியும் எடுத்த கட்டியோட பயாப்ஸி ரிசல்ட்லதான் முடிவாகும்.

லேப்_லோகு
எல்டிஹெச் பத்தி யாரும் வாயே தொறக்கல.

மழைத்துளி
சிடி தட்டுல ஏடிசி இருந்தது, கறுப்பாத்தான் இருக்காம். கான்ட்ராஸ்டோட திரும்ப எடுத்தாச்சு, நடுவுல ஏறாத இடம் இருக்குன்னாங்க. வேற டாக்டர், திறந்து முழுசா எடுக்கறாங்க. நெஞ்சு சிடி ஸ்கேன் சுத்தம். வியாழக்கிழமை ஆபரேஷன். எல்லாருக்கும் நன்றி.

தேன்மொழி_எஸ்
எனக்கும் இதே மாதிரி ரிப்போர்ட், வயசு 34, இன்னும் குழந்தை இல்ல. கர்ப்பப்பையையே எடுக்கணுமா?

தூரிகை
இந்த இழையை வச்சு அப்படி முடிவெடுக்காதீங்க. 34ல கணக்கே வேற. தனி இழை தொறங்க. ரிப்போர்ட்டை முழுசாப் போடுங்க, கான்ட்ராஸ்ட் உண்டா இல்லையாங்கறதை முதல் வரியிலயே எழுதிடுங்க.