பாகவதர்னு தேடுனா பகவத் கீதை வருது, யாராச்சும் சொல்லுங்களேன்

குடமுருட்டிக்கரை:
வணக்கம். எம்.ஏ. ரெண்டாம் வருஷம், ஊரு பாபநாசம் பக்கம். ப்ராஜெக்ட் நாடக மேடையிலேர்ந்து சினிமாவுக்கு வந்த பாட்டுக்கார நடிகர்கள் பத்தி, நம்ம மாயவரத்துல பொறந்தவராச்சேன்னு எம்.கே. தியாகராஜ பாகவதரை எடுத்துக்கிட்டேன். காலேஜ்ல ஒரு ஃபிலிம் டேட்டாபேஸுக்கு சந்தா கட்டியிருக்காங்க, அதுலேர்ந்து பத்து கட்டுரையாவது காட்டுன்னு கைடு சொல்லிட்டார். தமிழ்ல அடிச்சா ஜீரோ. இங்கிலீஷ்ல முழுப்பேரையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டாலும் ஜீரோ. பேர்ல பாதி மட்டும் அடிச்சா ஜி.வி. ஐயர் 1993ல எடுத்த பகவத் கீதை வந்து நிக்குது 😭 வீட்டுக்கு வந்தா லாகினே ஆக மாட்டேங்குது. அடுத்த வாரம் ரிவ்யூ.

தாளடி:
வீட்ல ஆகாதது கோளாறு இல்லம்மா, காலேஜ் நெட்டோட ஐபி பாத்துதான் அது தொறக்கும். லைப்ரரியன்கிட்ட ரிமோட் ஆக்சஸ் இருக்கான்னு கேளு. காலேஜுங்களுக்கு இ-புக்கும் ஜர்னலும் குடுக்குற என்-லிஸ்ட் திட்டத்தோட ஐடி வச்சிருந்தா அது வீட்லேர்ந்தே ஓடும், ஆனா அது வேற சரக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

ரீல்பொட்டி:
முதல்ல அந்த மேற்கோள் குறிய எடு. பேரை ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பான், தியாகராஜாவுக்கு டி பக்கத்துல ஹெச் போட்டு ஒருத்தன், போடாம ஒருத்தன், பாகவதர் கடைசில தர்-க்கும் அதே கூத்து. எல்லாத்தையும் நடுவுல ஆர் போட்டு ஒரே அடைப்புக்குறிக்குள்ள அடி, வெளில அண்ட் போட்டு தமிழ்னு இங்கிலீஷ்ல சேரு, கீதை ஓடிப்போயிடும். அப்பறம் முழுக்கட்டுரை மட்டும் காட்டுன்னு ஓரத்துல ஒரு டிக் இருக்கும், அது விழுந்து கெடக்கான்னு பாரு. எனக்கு அதுல ரெண்டு நாள் போச்சு.

இதெல்லாம் பண்ணியும் கொஞ்சம்தான் வரும், ஏன்னா அவர் பேரு தலைப்புல இருக்காது, கட்டுரை நடுவுலதான் இருக்கும். அதனால ஆளை விட்டுட்டு விஷயத்தைத் தேடு. கம்பெனி நாடகம், கிராமபோன், இல்லன்னா பாகவதர் ஜெயிலுக்குப் போன 1944 லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. நாடகம், கிராமபோன் ரெண்டுலேர்ந்தும் தமிழ் சினிமா எப்படி வந்துச்சுன்னு ஸ்டீஃபன் ஹியூஸ் 2007ல எழுதுன கட்டுரை ஒண்ணு இருக்கு, அதோட அடிக்குறிப்புகளைப் புடிச்சுக்கிட்டே போனா பாதி வேலை முடிஞ்சுது. பயாஸ்கோப்னு தெற்காசிய சினிமாவுக்குன்னே 2010லேர்ந்து வர்ற ஜர்னலையும் பாரு.

இன்னொண்ணு, உங்க ஊருலேர்ந்துகிட்டு இதை விட்டுட்டியேம்மா. பாகவதரோட முதல் படம் பவளக்கொடி, 1934, மேடையில அவர் நடிச்சிட்டிருந்த நாடகம்தான் அது. டைரக்டர் கே. சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர்.

வெண்ணாறு:
ரீல்பொட்டி அண்ணே, அந்தக் காலத்து தமிழ்ப் பத்திரிகை விமர்சனமெல்லாம் அதுல வருமா?

ரீல்பொட்டி:
அந்த ஆசையே வேணாம் தம்பி. ஃபியாஃப்னு உலக ஃபிலிம் காப்பகங்களோட கூட்டமைப்பு போடுற சினிமாப் பத்திரிகை இண்டெக்ஸே 1972லேர்ந்துதான். 1930கள்ல இங்க வந்த பத்திரிகைய யாரு அங்க உக்காந்து இண்டெக்ஸ் பண்றது? அதுக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம்தான், பழைய சினிமாப் பாட்டுப்புத்தகமும் அங்க கெடைக்கும். காலேஜ் லெட்டர் கையில வச்சுக்கிட்டு, போன் பண்ணிட்டுப் போங்க.

குடமுருட்டிக்கரை:
டிக் விழுந்துதான் இருந்துச்சு!! எடுத்துட்டு நாடகம், கிராமபோன்னு போட்டேன், பதினாலு வந்துச்சு, அதுல ஒம்போது உருப்படி. ஹியூஸ் கட்டுரையும் சிக்கிட்டு. சுப்ரமணியம் எங்க ஊருன்னு எங்க வீட்ல யாருக்குமே தெரியல, அப்பாயியத் தவிர. பாட்டுப்புத்தகம்னதும் அப்பாயி எந்திரிச்சுப் போயி டிரங்குப்பொட்டிய தொறந்துச்சு, பாச்சா உருண்டை வாசனையோட ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு, பாகவதர் நடிச்ச ஹரிதாஸ். அட்டை இல்ல, ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு, பக்கத்தைப் புரட்டுனா பொடிப்பொடியா உதிருது. இதை ஸ்கேனர்ல கவுத்துப் போடலாமா, இல்ல மேலேர்ந்து போன்லயே போட்டோ எடுக்கவா?

ரீல்பொட்டி:
அய்யய்யோ கவுக்காத, முதுகு விட்டுரும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்துல வச்சு, ஃப்ளாஷ் இல்லாம, ஃபேனையும் நிறுத்திட்டு எடு.