முத்து பின்பக்கம் போகிறது, அவசர உதவி!

தங்கச்சிமடம் பைக்காரி (இரவு 9.40)
குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்தவர்கள் யாராவது விழித்திருக்கிறீர்களா? பாபிள் ஸ்டிச் (முத்து மாதிரிப் புடைக்கும் பின்னல்) போடுகிறேன், முத்து எழும்பவே மாட்டேன் என்கிறது. சப்பையாகக் கிடக்கிறது. கொஞ்சம் எழும்பினாலும் பின்பக்கம் போய்விடுகிறது. வீடியோவில் உள்ளபடிதான் போடுகிறேன். மூன்று முறை பிரித்தாயிற்று. சனிக்கிழமை ராமேஸ்வரத்தில் ஒரு கடைக்கு 4 பை கொடுக்க வேண்டும், இன்னும் ஒன்றுகூட முடியவில்லை. என்ன தப்பு?

மூன்றரை எம்எம் (9.47)
என்ன நூல்? ஹூக் எத்தனை எம்எம்? போட்டோ போடுங்கள்.

தொண்டி மகள் (9.51)
ஒரு முத்துக்கு எத்தனை டபுள் (உயரமான பின்னல்)? 3 போட்டால் சப்பையாகத்தான் இருக்கும் அக்கா. 5 போடுங்கள்.

தங்கச்சிமடம் பைக்காரி (9.58)
5தான். நூல் வெள்ளை. ஹூக் நீலம். கரண்ட் இல்லை, போட்டோ காலையில்.

மூன்றரை எம்எம் (10.01)
நீலம் என்று சொன்னால் நான் என்ன செய்வது? ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவுக்கு நீலம் அடிக்கிறது. ஹூக்கின் தட்டைப் பகுதியில் எண் பொறித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

மண்டபம் காற்று (10.10)
யாரும் சொல்லாத காரணத்தை நான் சொல்கிறேன். ஈரம்! நம் கடற்கரையில் பருத்தி நூல் காற்றில் உள்ள ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். விரலில் வேர்வை, நூலில் உப்பு, அலுமினிய ஹூக். வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், பின்னல் இறுகும், முத்து எழும்பாது. கையில் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு, மூங்கில் ஹூக்குக்கு மாறுங்கள். என் ஸ்டீல் ஹூக் இரண்டு துருப்பிடித்தே போயின.

தொண்டி மகள் (10.14)
ஈரத்தால் இறுகும், சரி. ஈரத்தால் முத்து பின்பக்கம் எப்படிப் போகும்?

மண்டபம் காற்று (10.16)
இறுக்கம் வந்தால் எல்லாம் வரும்.

ஊசிமுனை (10.25)
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. இப்போது எல்லோரும் வீடியோ பார்த்துவிட்டு நேரே முத்துக்குப் போகிறார்கள். இருபது ஆண்டுகளாகப் பின்னுகிறவள் சொல்கிறேன். முதலில் ஓரடிச் சதுரம் சிங்கிள் (குள்ளமான பின்னல்) மட்டும் போடுங்கள். ஓரம் கோணாமல் வந்தால் அப்புறம் டபுள். அதுவும் நேராக வந்தால் பிறகு பாபிளைப் பற்றிப் பேசலாம். அடிப்படை இல்லாமல் கடைக்கு ஆர்டர் எடுத்தால் இப்படித்தான்.

வலைக்காரன் பேரன் (10.33)
ஆத்தா, சனிக்கிழமைக்குள் ஓரடிச் சதுரமா? அந்தப் பிள்ளை அவசரம் என்கிறது. தங்கச்சிமடத்துக் கைகளுக்கு அடிப்படை சொல்லித்தர வேண்டாம், வலை பிடித்த கைகள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வலை வேலைதான். ஊசியும் நூலும் ரத்தத்தில் இருக்கிறது.

ஊசிமுனை (10.39)
வலை வேறு, குரோஷா வேறு. வலை என்பது முடிச்சு. குரோஷாவில் முடிச்சே கிடையாது, வளையத்துக்குள் வளையம். இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவருக்கு இரண்டும் தெரியாது.

வலைக்காரன் பேரன் (10.46)
வலை எனக்குத் தெரியாதா! ஒவ்வொரு கண்ணுக்கும் தனி முடிச்சு, ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண் அசையாமல் நிற்கும். உங்கள் குரோஷாவில் கடைசி வளையத்தை நழுவவிட்டு நூலை இழுத்தால் மொத்தப் பையும் உருண்டை நூலாகிவிடும். எது கெட்டிக்கார வேலை?

தொண்டி மகள் (10.50)
பிரிக்க முடிகிறதால்தான் அந்த அக்கா மூன்று முறை பிரித்தும் நூல் வீணாகவில்லை. வலையைப் பிரிக்கிறேன் என்றால் கத்திதான். தவிர, இப்போது வலையே மெஷினில் வருகிறது, வீட்டில் கிழிசலை அடைப்பதோடு சரி.

வலைக்காரன் பேரன் (10.53)
கிழிசலை ஒரு தடவை அடைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் தங்கச்சி.

மூன்றரை எம்எம் (10.55)
வலையைக் கரையேற்றுங்களேன். பைக்காரி, எந்த வீடியோ?

தங்கச்சிமடம் பைக்காரி (11.08)
வீடியோவில் அந்தம்மா பேசுவது புரியவில்லை. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, அதன் கீழே இருந்த எழுத்துக் குறிப்பைப் பார்த்துத்தான் போடுகிறேன். டிசி (டபுள்) 3, பிறகு பாபிள், மறுபடி டிசி 3.

மூன்றரை எம்எம் (11.12)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்தக் குறிப்பில் எங்காவது எஸ்சி (சிங்கிள்) என்று இருக்கிறதா?

தங்கச்சிமடம் பைக்காரி (11.15)
இல்லை. டிசி, டிஆர் மட்டும்.

மூன்றரை எம்எம் (11.24)
பிடிபட்டது, சப்பைக்குக் காரணம் இதுதான். உங்கள் குறிப்பு பிரிட்டிஷ் முறை. அவர்களிடம் சிங்கிள் என்ற பெயரே கிடையாது. அமெரிக்கர் சிங்கிள் என்பதை அவர்கள் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அவர்களுக்கு டிரெபிள், அதாவது டிஆர். நாம் வீடியோ பார்த்துப் படித்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர். அதனால் குள்ளமான சிங்கிள் போட வேண்டிய இடத்தில் உயரமான டபுள் போட்டிருக்கிறீர்கள். முத்தும் டபுள் உயரம், பக்கத்தில் நிற்பதும் டபுள் உயரம் என்றால் முத்து எங்கே புடைக்கும்? இரு பக்கமும் சிங்கிள் குள்ளமாக நின்று நெருக்கினால்தான் நடுவில் உள்ளது வளைந்து வெளியே தள்ளும். முத்து போடும் முறை மாறாது. அமெரிக்க டபுள் 5, ஒவ்வொன்றையும் கடைசி இழுப்புக்கு முன்னால் நிறுத்தி, ஹூக்கில் 6 வளையம் சேர்ந்ததும் ஒரே இழுப்பு.

மண்டபம் காற்று (11.27)
இறுக்கமும் ஒரு காரணம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஊசிமுனை (11.30)
பெயரே தெரியாமல் பின்னத் தொடங்கியாயிற்று. நான் சொன்னதும் இதைத்தான்.

கீழக்கரை லாத்தா (11.48)
இப்போதுதான் பார்த்தேன். மகளே, பின்பக்கம் போவதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. பையை வட்டமாகச் சுற்றிக்கொண்டே போகிறாயா, இல்லை வரிசைக்கு வரிசை திருப்புகிறாயா?

தங்கச்சிமடம் பைக்காரி (11.52)
வட்டம்தான் லாத்தா. பை என்றால் வட்டம்தானே.

கீழக்கரை லாத்தா (காலை 5.50)
கண் அசந்துவிட்டது. இப்போது தொழுதுவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் உம்மா காலத்திலிருந்து தொழுகைத் தொப்பி பின்னுகிறோம். உச்சியில் ஆரம்பித்து வட்டமாகத்தான். அதனால் எனக்கு இது பழகிய தொல்லை. பாபிளின் குணமே நமக்கு எதிர்ப்பக்கம், அந்தப் பக்கமாகப் புடைப்பதுதான். உன் வீடியோ தட்டையான துணிக்கு. அதில் அந்தம்மா வரிசைக்கு வரிசை திருப்புவார், முத்து வரிசை வரும்போது துணியின் பின்பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருக்கும். அவர் பார்வைக்குப் பின்னால் புடைப்பதுதான் துணிக்கு முன்பக்கம். நீ திருப்பாமல் சுற்றுகிறாய், எப்போதும் பையின் வெளிப்பக்கம் உன்னைப் பார்க்கிறது, முத்தெல்லாம் பைக்குள்ளே போய் விழுகிறது. முத்துக்குளித்த கடலோரத்தில் பிறந்துவிட்டு முத்தை உள்ளே ஒளிக்கலாமா?

ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிச் (இணைப்புப் பின்னல்) போட்டு மூடிவிட்டுப் பையைத் திருப்பு. முத்துச் சுற்று உள்பக்கம் பார்த்து, சாதாச் சுற்று வெளிப்பக்கம் பார்த்து. இன்னொரு லாபம், மூடும் இடம் சரிந்து சரிந்து ஒரு பக்கமாக ஓடாமல் ஏறக்குறைய நேராக நிற்கும்.

திருப்பப் பிடிக்காவிட்டால் பாபிளை விட்டுவிட்டு பாப்கார்ன் போடு. அதே கண்ணில் 5 டபுளையும் முழுதாக முடி. ஹூக்கை உருவி, முதல் டபுளின் தலையில் முன்னாலிருந்து பின்னால் குத்தி, விட்ட வளையத்தைப் பிடித்து இழு. உன் பக்கமே புடைக்கும். நூல் கொஞ்சம் கூடத் தின்னும்.

ஒரு சுற்றுக்கு மொத்தம் எத்தனை கண்?

தங்கச்சிமடம் பைக்காரி (6.20)
75. ஓரிடத்தில் மட்டும் முத்துக்கு முத்து இடைவெளி பெரிதாக வருகிறது, அதையும் கேட்க நினைத்தேன்.

கீழக்கரை லாத்தா (6.31)
அது தட்டைத் துணியின் கணக்கு. 4-இன் (முத்து 1, சாதா 3) மடங்கோடு கடைசி ஓரத்துக்கு 3 கூட்டியிருக்கிறாய். வட்டத்துக்கு ஓரம் ஏது? தொடக்கத்து 3, முடிவின் 3, இரண்டும் சேர்ந்து 6 சாதாக் கண்ணாக நிற்கும். 72 போடு, அல்லது 76.

தொண்டி மகள் (6.40)
லாத்தா, ஏற்கெனவே போட்டதைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கீழக்கரை லாத்தா (6.44)
எதற்கு? உள்ளே வெளியே புரட்டிவிட்டால் முத்து வெளியே. சாதாக் கண்களின் பின்பக்கம் தெரியும், குறுக்குக் கோடு கோடாக. வாங்குகிறவர்களுக்கு அது ஒரு டிசைன்.

ஊசிமுனை (7.15)
பின்பக்கத்தை முன்பக்கம் என்று விற்பதற்குப் பெயர் டிசைன் இல்லை.

வலைக்காரன் பேரன் (7.22)
வந்துவிட்டார்.

தங்கச்சிமடம் பைக்காரி (மறுநாள் இரவு 8.05)
முதல் பையைப் புரட்டினேன். அம்மா அதுதான் அழகு என்கிறார். இரண்டாவதை 72 கண், சிங்கிள், திருப்பித் திருப்பிப் போட்டேன், முத்து கும்மென்று நிற்கிறது. நன்றி லாத்தா, நன்றி எல்லோருக்கும். இன்னும் 2 பை இருக்கிறது, வருகிறேன்.

மண்டபம் காற்று (8.11)
பவுடர் போட்டீர்களா?

மூன்றரை எம்எம் (8.30)
ஹூக் எத்தனை எம்எம் என்று கடைசிவரை சொல்லவில்லை.