தனுஷ்கோடி நிலையம் மட்டும் ஏன் கைவிடப்பட்டது?

மீட்டர்கேஜ் அன்பன் (கேள்வி):
1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது, தனுஷ்கோடி ரயில் நிலையமும் அழிந்தது. பாலத்தை 46 நாட்களில் சீர்செய்த ரயில்வே, நிலையத்தை மட்டும் விட்டுவிட்டதற்குக் காரணம் என்ன? அதன் வரலாற்றோடு சேர்த்து யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

பழைய கால அட்டவணை:
அந்த நிலையம் ஊருக்காக அமைந்ததன்று, கப்பலுக்காக அமைந்தது. அதற்கு முன்பு இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறினர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், போட் மெயில் என்னும் ரயிலில் தனுஷ்கோடித் துறைமேடை வரை வந்த பயணிகள், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலை நீராவிக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பை அடைந்தனர். சுங்க அலுவலகமும் அஞ்சலகமும் விடுதிகளும் இந்தப் போக்குவரத்தை நம்பியே அங்கு இருந்தன. இன்று பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்றுண்டு: அக்காலத்தில் பாம்பன் ஒரு சந்திப்பு, முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குச் சென்றது, இராமேசுவரத்துக்குச் சென்றதோ கிளைப்பாதை.

மண்டபத்துக்காரன்:
கேள்விக்கான விடை அந்தக் கிளைப்பாதையில்தான் இருக்கிறது. சாலைப்பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது என்பதால், தீவு மக்களுக்கும் இராமேசுவரம் வரும் யாத்திரிகர்களுக்கும் அன்று ரயில் பாலத்தை விட்டால் வேறு தரைவழி இல்லை. ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்ட பணியை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் அவ்வளவு விரைந்து முடித்ததற்கு அதுவே காரணம். தனுஷ்கோடியின் நிலை வேறு. பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் வேளையில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலலையில் அடித்துச் செல்லப்பட்டது; குடியிருக்கத் தகுதியற்ற இடமென்று ஊரையே அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டு, இலங்கையில் போர் மூண்ட பின் 1984இல் அதுவும் நின்றது. கப்பலும் குடிகளும் இல்லாத இடத்துக்கு ரயில் விட எந்த நிர்வாகமும் முன்வராது.

மீட்டர்கேஜ் அன்பன்:
விளக்கங்களுக்கு நன்றி. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதாகப் படித்தேனே?

பழைய கால அட்டவணை:
ஆம், 2019 மார்ச்சில் நாட்டப்பட்டது. ஆனால் தண்டவாளம் போடப்படவில்லை. 2017 முதல், தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை சாலை இருப்பதால், இடிபாடுகளைக் காண வருவோர் வாகனத்திலேயே சென்றுவிடுகின்றனர். சுற்றுலாப் படங்களில் அதிகம் காணப்படுவது தேவாலயத்தின் சுவர்கள். பலர் அதையே நிலையமென்று பகிர்கின்றனர்.