கரிசல் மண்ணில் போட்ட காசு: சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டியவர்களின் அனுபவங்கள்

கோவில்பட்டி பக்கத்திலிருந்து

வணக்கம். வீடு கட்டப்போகிறேன் என்று சொல்கிற எல்லோரும் முதலில் கேட்பது "சதுர அடி என்ன ரேட்டு?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். என் மண்ணுக்கு எந்த அஸ்திவாரம் தாங்கும், பேங்க் பணம் எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்ற இரண்டையும் கேட்காமலே அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டேன். அதனால் பட்ட பாட்டை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

5 சென்ட் மனை. தரைத்தளம் மட்டும், 1,200 சதுர அடி. இன்ஜினியர் சொன்ன ரேட் 2,300 ரூபாய். மொத்தம் 27 லட்சத்து 60 ஆயிரம். பேங்கில் 22 லட்சம் சாங்ஷன் ஆனது. மீதி 5 லட்சத்து 60 ஆயிரம் நாங்கள் போட வேண்டிய மார்ஜின். கையில் 7 லட்சம் இருந்தது. மார்ஜின் போக இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று நானும் வீட்டுக்காரியும் தைரியமாகத்தான் இருந்தோம்.

பூமி பூஜை முடிந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். 5 அடியில் கரிசல். 7 அடியிலும் கரிசல். மேஸ்திரி ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அமுக்கிப் பாருங்க அண்ணாச்சி" என்றார். பிசைந்த மாவு மாதிரி விரல் இடுக்கில் பிதுங்கியது. கழுவினால் தண்ணீர்தான் கறுத்தது, கையில் பிசுக்கு போகவில்லை. "மழைக்கு வீங்கும், கோடைக்குச் சுருங்கும். இதுல சாதா புட்டிங் போட்டா ரெண்டு வருசத்துல சுவர் வாயைப் பிளந்துரும்" என்றார். அப்போதுதான் அக்ரிமெண்டை எடுத்துப் பார்த்தேன். "அஸ்திவாரம் 5 அடி ஆழம் வரை" என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே போனால் எக்ஸ்ட்ரா.

அதற்குப் பிறகுதான் மண் பரிசோதனை செய்தோம். அண்டர் ரீம் பைல் போடச் சொன்னார்கள். ஒரு அடி விட்டத்தில் 12 அடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் மட்டும் குடம் மாதிரி இரண்டரை அடி அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புகிறார்கள். மேல் மண் எவ்வளவு வீங்கினாலும் அந்தக் குடம் கீழே பிடித்துக்கொள்ளும். பைல்களின் தலையில், சுவரைத் தாங்குகிற கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீம். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று அங்குலம் காலி விட வேண்டும். இல்லையென்றால் வீங்குகிற மண் பீமையே தூக்கிவிடும். இதற்கெல்லாம் கூடுதலாக 2 லட்சத்து 80 ஆயிரம்.

இனிதான் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கான்ட்ராக்ட்காரருக்கு அட்வான்ஸ் 15 சதவீதம், பேஸ்மட்டம் (தரை மட்டம் வரையிலான வேலை) முடிந்ததும் 20 சதவீதம் என்று பேச்சு. அதாவது 4.14 லட்சமும் 5.52 லட்சமும். பைல் செலவையும் சேர்த்தால் பேஸ்மட்டம் முடியும்போது நான் கொடுத்திருக்க வேண்டியது 12 லட்சத்து 46 ஆயிரம். பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்தார். அவருடைய அட்டவணைப்படி பேஸ்மட்டம் என்றால் எஸ்டிமேட்டில் 20 சதவீத வேலை. 5.52 லட்சம் என்று எழுதினார். மேனேஜர், "உங்க மார்ஜின் 5.60 லட்சம் முதல்ல உள்ளே போயிருக்கணும் சார். இன்னும் அதுவே முழுசா வேலையில தெரியலையே" என்றார். பேங்கிலிருந்து வந்த தொகை பூஜ்ஜியம். பைலுக்குப் போட்ட பணம் மண்ணுக்குள் இருக்கிறது. அது பேங்க் எஸ்டிமேட்டிலேயே இல்லை என்பதால் அவர்கள் கணக்கில் வராது.

40 நாள் வேலை நின்றது. கம்பி துருப்பிடிப்பதைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

பேங்கிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர்தான் வழி சொன்னார். மண் பரிசோதனை ரிப்போர்ட்டை இணைத்து, பைலையும் சேர்த்து, திருத்திய எஸ்டிமேட் 30 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தோம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை பேங்க் தரலாம் என்பது ரிசர்வ் பேங்க் விதி (30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75). எங்கள் சம்பளத்துக்கு 25 லட்சமாக உயர்த்தினார்கள். மார்ஜின் 5.40 ஆனது, பேஸ்மட்ட மதிப்பு 8.32 ஆனது. வித்தியாசம் 2 லட்சத்து 92 ஆயிரம் கைக்கு வந்தது. அப்படியும் இரண்டரை லட்சம் இடித்தது. வீட்டுக்காரியின் வளையலும் சங்கிலியும் நகைக் கடனுக்குப் போயின. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இதையே அக்ரிமெண்டுக்கு முன்னால் செய்திருந்தால் நகை பீரோவிலேயே இருந்திருக்கும். முதலில் மண் பரிசோதனை, அதை வைத்து எஸ்டிமேட், அதற்குப் பிறகு பேங்க், கடைசியாக அக்ரிமெண்ட். கான்ட்ராக்ட்காரருக்குப் பணம் கொடுக்கும் கட்டங்களையும் பேங்க் பணம் விடும் கட்டங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த மாதம் கை வறண்டு போகும் என்று அப்போதே தெரிந்துவிடும். வாடகையையும் அதே தாளில் எழுதுங்கள். கடனில் 15 லட்சம் வெளியே வந்த பிறகு எங்களுக்கு வட்டி மட்டுமே மாதம் 10,600 ரூபாய் போனது. வாடகை 9,000 தனி.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். எங்களுக்குப் பணத்தில் பெரிய சிக்கல் வரவில்லை. பிளானில்தான் வீடே இரண்டுபட்டது.

இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அத்தைக்குத்தான் பேப்பரில் பார்த்தால் விளங்கவில்லை. அவர்கள் சொன்ன யோசனைதான் இது: மனையில் சுண்ணாம்புப் பொடியால் எல்லா அறையையும் நிஜ அளவில் கோடு போட்டோம். பழைய கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கை அறையில் போட்டோம். அடுப்படியில் நான் போய் நின்றேன். மேடைக்கு இரண்டடி, பிரிட்ஜுக்கு இரண்டரை அடி என்று அட்டைப் பெட்டியை வைத்தோம். பிரிட்ஜ் கதவைத் திறப்பது போல நான் கையை விரித்தேன், பின்னால் வந்த அத்தை மேல் பட்டது. இரண்டு பேர் சேர்ந்து நின்று சமைக்க முடியாத அடுப்படி! அன்றைக்கே ஹாலில் ஒன்றரை அடியைக் குறைத்து அடுப்படிக்குக் கொடுத்தோம். சுவர் எழும்பின பிறகு என்றால் அது நடந்திருக்காது.

மாமா மனையடி சாஸ்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். அறையின் உள்ளளவு அவர் சொன்ன கணக்கில்தான் வர வேண்டும். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் பிராவிடண்ட் பணமும் அந்த வீட்டில் இருக்கிறது; அவர் நிம்மதியாகத் தூங்குகிற அறையாகவும் அது இருக்க வேண்டும் அல்லவா? அளவைக் குறைத்த இடத்தில் சுவருக்குள் அலமாரி வைத்தோம், இடம் வீணாகவில்லை. நான் விட்டுக்கொடுக்காதது இரண்டு. அத்தைக்கு மூட்டுவலி, அதனால் அவர்கள் குளியலறைக்கு மூன்றடி அகலக் கதவு, வாசலில் படி கிடையாது. அப்புறம் மேற்குச் சுவர். சாயங்கால வெயில் முழுக்க அங்கேதான் அடிக்கும், இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். அதனால் மாடிப்படியையும் ஸ்டோர் ரூமையும் மேற்கே தள்ளிவிட்டோம். படுக்கை அறைகள் கிழக்கே போயின.

பிளானை மாற்ற நினைத்தால் அப்ரூவலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இப்போது 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து, பிளான் விதிப்படிதான் இருக்கிறது என்று நாமே உறுதி கொடுக்கிற சுயசான்று முறை இருப்பதால் ஆன்லைனில் சீக்கிரம் கிடைக்கிறது. ஆனால் நாம் கொடுத்த பிளானுக்கு நாமே பொறுப்பு. எங்கள் தெருவில் ஒரு அக்கா, பிளானில் இல்லாத போர்ட்டிகோவை நடுவில் சேர்த்தார்கள். பேங்க் இன்ஜினியர் பிளானை விரித்து வைத்துக்கொண்டு, திருத்திய பிளான் வரும்வரை அடுத்த தவணைக்குக் கையெழுத்துப் போடவில்லை.

தஞ்சாவூரிலிருந்து

நான் லேபர் கான்ட்ராக்ட் (கூலி வேலை) மட்டும் கொடுத்துப் பொருளை எல்லாம் நானே வாங்கினேன். சுருக்கமாகச் சொல்கிறேன். டேப் இல்லாமல் சைட்டுக்குப் போகாதீர்கள். எம்சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், மூன்று யூனிட் என்று பில் போட்டு லாரி வந்தது. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி மேல் ஏறி அளந்தேன்: நீளம் 10, அகலம் 6, மணல் நின்ற உயரம் நாலரை. 270 கன அடிதான். டிரைவர் தம்பி கோபப்படவில்லை, முதலாளிக்கு போன் போட்டுக் கொடுத்தான், பில் குறைந்தது. அடுத்த லோடிலிருந்து அளவு சரியாக வந்தது. கம்பியும் அப்படித்தான். 12 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ வர வேண்டும். எண்ணிக்கையையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. நான் 15 நாள் விட்டேன். காலை ஐந்தரை மணிக்கு நானே ஏணி ஏறிப் போய்ப் பார்ப்பேன், தண்ணீர் வற்றியிருந்தால் மோட்டார் போடுவேன். அதை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

மஸ்கட்டிலிருந்து

ஊர் பெரம்பலூர் பக்கம். நான் இங்கிருந்தே கட்டினேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடத் தம்பிக்கு பவர் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கும் வேலை இருக்கிறது, தினமும் போக முடியவில்லை. கான்ட்ராக்ட்காரர் வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவார், நான் பணம் அனுப்புவேன். தளம் போட்ட அன்றைக்குக் கணக்குப் பார்த்தால் 85 சதவீதப் பணம் போயிருந்தது. பூச்சு, டைல்ஸ், வயரிங், கதவு, பெயிண்ட் எல்லாமே பாக்கி. அந்த ஆள் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். போனை எடுப்பார், "வர்றேன் சார்" என்பார், வரமாட்டார். எட்டு மாதம்.

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுக்கலாமா என்று விசாரித்தேன். நம் சொந்த மனையில் நமக்காகக் கட்டும் தனி வீடு அதற்குள் வராது என்றார்கள். ஆனால் வீடு கட்டிக் கொடுப்பது நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். கூடவே ஒவ்வொரு பணப் பரிமாற்றமும், ஒவ்வொரு போட்டோவும் தேதியோடு. அந்தக் கட்டைப் பார்த்த பிறகுதான் ஆள் உட்கார்ந்து பேச வந்தார். பாதி வேலையை முடித்துக் கொடுத்தார், மீதியை வேறு ஆளை வைத்து முடித்தோம். 4 லட்சம் கூடுதல் செலவு.

இப்போது என் மைத்துனர் கட்டுகிறார். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த அக்ரிமெண்டில் பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போகிறது. கடைசி 5 சதவீதம் குடிபோய் ஆறு மாதம் கழித்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு. கான்ட்ராக்ட்காரர் முகம் சுளித்தார். பிறகு சம்மதித்தார்.

கோவில்பட்டி அண்ணா, இரண்டு கேள்வி. வட்டிக்கு வருமான வரியில் கழிவு கிடைத்ததா? பைல் போட்டது பலன் தந்ததா? என் மைத்துனர் மனையும் கரிசல்தான்.

கோவில்பட்டி பக்கத்திலிருந்து, மறுபடியும்

தம்பி, வரி விஷயம் முதலில். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான். சொந்தக் குடியிருப்புக்கு வட்டியில் வருடம் 2 லட்சம் வரை கழிவு. கட்டும் காலத்தில் கட்டிய வட்டியை வீடு முடிந்த வருடத்திலிருந்து ஐந்து சம பங்காகக் காட்டலாம், ஆனால் அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்தான் அடங்க வேண்டும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீட்டை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கழிவு 30,000 ஆகச் சுருங்கிவிடும். புதிய முறையில் நாமே குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடையாது. மைத்துனர் எந்த முறையில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

பைல் விஷயம். குடிவந்து மூன்று ஐப்பசி மழை பார்த்துவிட்டோம். போன சித்திரையில் எங்கள் தோட்டத்தில் மண் வெடித்து, என் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிற அளவுக்குப் பிளவு விட்டிருந்தது. பக்கத்து மனையில் சாதா புட்டிங் போட்ட வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து லிண்டல் (ஜன்னலுக்கு மேலே போகிற கான்கிரீட் பட்டை) வரை சாய்வாக ஒரு விரிசல், இரண்டு முறை பூசியும் மறுபடி திறந்துவிட்டது. எங்கள் சுவரில் பூச்சு வெடிப்புகூட இல்லை. பின்பக்கம் ஒரு இடத்தில் பீமுக்கு அடியில் பார்க்க வசதியாக ஒரு செங்கல்லை எடுத்துப் போடுகிற மாதிரி விட்டிருக்கிறேன். போன கார்த்திகையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மண் வீங்கி மேலே வந்திருந்தது, மூன்று அங்குலம் இருந்த இடைவெளி ஒன்றரையாகியிருந்தது. பீமைத் தொடவில்லை. வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், வளையல் செங்கல்லில் இடித்தது. நகையை அந்த ஆவணியில்தான் மீட்டிருந்தோம்.